கால்கின்ஸ் எழுதிய நார்விச் வரலாறு: எந்த மறுபதிப்பை வாங்கலாம்?

பிரான்சஸ் மேன்வாரிங் கால்கின்ஸ் எழுதிய, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊர் வரலாற்றின் மறுபதிப்பு ஒன்றை வாங்கி முழுவதும் படித்து முடித்திருக்கிறேன். 1866-ல் வெளிவந்த பதிப்பைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, கெட்டி அட்டை போட்டுத் தருகிறார்கள். சுமார் 700 பக்கம். படுத்துக்கொண்டு படிக்கிற புத்தகம் இல்லை; மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இதே தலைப்பில் பல விதமான பிரதிகள் விற்பனையில் இருக்கின்றன, அவற்றில் சில காசுக்குக் கேடு. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். யார் இந்த அம்மாள், இவருடைய புத்தகத்தை இவ்வளவு காலம் கழித்து எதற்காகத் தேடி வாங்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்தவள். இப்போது கனெக்டிகட் மாநிலத்தின் கிழக்குப் பக்கம், நார்விச்சுக்குக் காரில் சுலபமாகப் போய்வரும் தூரத்தில் குடியிருக்கிறோம். இந்தப் பக்கம் வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலருக்கும் நார்விச் என்றால் மொகீகன் சூதாட்ட விடுதிக்குப் போகிற வழியில் வரும் ஊர், அவ்வளவுதான். யான்டிக், ஷெடக்கெட் என்ற இரண்டு ஆறுகள் அங்கே சேர்ந்து, தேம்ஸ் என்ற பெயரில் தெற்கே ஓடிக் கடலில் கலக்கின்றன. ஆறுகள் கூடும் இடத்தில் நார்விச், கடலைத் தொடும் இடத்தில் நியூ லண்டன். இந்த இரண்டு ஊர்களுக்கும் வரலாறு எழுதியவர் கால்கின்ஸ். அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதியும் இந்த ஆற்றங்கரையிலேயே கழிந்தது.

1795 ஏப்ரல் 26-ல் நியூ லண்டனில் பிறந்தார். குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். நார்விச்சில் லிடியா ஹன்ட்லி, நான்சி மரியா ஹைடு என்ற இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து நடத்திய பள்ளியில் பிரான்சஸ் படித்தார். அந்த லிடியாதான் பின்னால் லிடியா சிகோர்னி என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கிய கவிஞர். பெண்களுக்குக் கல்லூரி என்று ஒன்று அங்கே இல்லாத காலம் அது. மேரி லயன் என்பவர் மவுன்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விக்கூடத்தைத் தொடங்கியதே 1837-ல்தான். ஆகவே ஒரு பெண் படிக்க ஆசைப்பட்டால், நல்ல ஆசிரியை ஒருத்தி அந்த ஊரில் பள்ளி வைத்திருக்க வேண்டும். அது அமையாவிட்டால் வீட்டில் கிடைக்கிற புத்தகத்தை வைத்துத் தானே படித்துக்கொள்ள வேண்டும். கால்கின்ஸுக்கு முதலாவது கொஞ்ச காலம் கிடைத்தது. இரண்டாவதை அவர் ஆயுள் முழுக்கச் செய்தார்.

1819-ல் மாற்றாந்தந்தையும் காலமானார். அடுத்த ஜனவரியிலேயே, 1820-ல், நார்விச்சின் பழைய பகுதியான நார்விச் டவுனில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். இடையில் சில ஆண்டுகள் நியூ லண்டனில் பெண்கள் அகாடமி ஒன்றை நடத்திவிட்டு மறுபடி நார்விச்சுக்கே வந்து, 1834 வரை பாடம் எடுத்தார்.

தமிழ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வின்ஸ்லோ அகராதி என்று நாம் சொல்கிறோமே, 1862-ல் சென்னையில் அச்சான அந்தப் பெரிய தமிழ் ஆங்கில அகராதி, அதைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட் லாத்ராப் இதே நார்விச்சில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1796. அதாவது கால்கின்ஸைவிட ஒரு வயதுதான் இளையவர். கல்யாணம் முடிந்த கையோடு 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து கப்பல் ஏறி, கணவருடன் கிறிஸ்தவ மிஷன் வேலைக்காக இலங்கைக்குப் போனார். 1824-ல் யாழ்ப்பாணத்தில் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 1833-ல் அங்கேயே இறந்தார். அவருடைய தங்கைகள் மூன்று பேரும் பின்னர் அதே மிஷன் வேலைக்குப் போனார்கள்.

அதே ஊர்க்காரப் பெண் இன்னொருவர் சாரா ஹன்டிங்டன். பக்கத்திலிருந்த மொகீகன் என்ற பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவிட்டு, பிறகு பெய்ரூட்டுக்குப் போய்ப் பெண்களுக்குப் பள்ளி ஆரம்பித்தார். ஆக, ஒரு சின்ன ஊர், கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. ஒருத்தி உடுவிலில், ஒருத்தி பெய்ரூட்டில், ஒருத்தி ஊரிலேயே. மூன்று பேரும் செய்தது ஒரே வேலை. கடல் தாண்டிப் போன இரண்டு பேரைப் பற்றி அவர்கள் இறந்த சில ஆண்டுகளிலேயே வாழ்க்கைக் குறிப்புப் புத்தகங்கள் வந்துவிட்டன. ஊரில் தங்கியவரை இன்று யார் நினைக்கிறார்கள்? இந்தப் புத்தகத்தை நான் விரும்பிப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பள்ளியை விட்ட பிறகு சில ஆண்டுகள் நியூயார்க்கில் உறவினர் வீட்டில் இருந்தார். அமெரிக்கன் டிராக்ட் சொசைட்டிக்காகச் சமயப் பிரசுரங்களும் குழந்தைகளுக்கான பாடப் புத்தகமும் எழுதினார். அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; அந்தக் காலத்துப் பக்தி இலக்கியம், அவ்வளவுதான். 1842 முதல் நியூ லண்டனில் தாய்வழித் தம்பி ஹென்றி ஹேவன் வீட்டில் குடியிருந்தார். ஹேவன் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் சொந்தக்காரர், பணக்காரர். அவர் சொத்திலிருந்து கிடைத்த பணத்தில்தான் நியூ லண்டன் பொது நூலகம் பின்னால் கட்டப்பட்டது. அக்காவுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து, எழுத அவகாசமும் கொடுத்தார். தம்பி செய்த நல்ல காரியங்களில் நூலகத்தைவிட இதுதான் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

1845-ல் நார்விச் வரலாறு முதல் தடவை வந்தது. 1849-ல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1791-ல் தொடங்கிய சங்கம் அது. அதுவரை ஒரு பெண்ணைக்கூடச் சேர்த்ததில்லை. அவருக்குப் பிறகும் நெடுங்காலம் வேறு பெண்ணைச் சேர்க்கவில்லை. 1852-ல் நியூ லண்டன் வரலாறு வந்தது. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். நார்விச் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்து, இருபது வருஷம் சேர்த்த ஆவணங்களை வைத்துப் புதிதாகவே எழுதினார். 1845-ன் சிறிய புத்தகம் 1866-ல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 71. 1869 பிப்ரவரியில் இறந்துபோனார். 1874-ல் நண்பர்கள் அந்தப் புத்தகத்தை அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தொடக்கம் மொகீகன் தலைவர் அன்கஸ். 1643-ல் நாரகன்செட் என்ற இன்னொரு பழங்குடியின் தலைவர் மியான்டனோமோ படையெடுத்து வந்து பிடிபட்டதும் கொல்லப்பட்டதும், அதற்குப் பிறகு 1645-ல் நாரகன்செட்டுகள் அன்கஸின் கோட்டையை முற்றுகையிட்டபோது தாமஸ் லெஃபிங்வெல் இரவில் சிறு படகில் உணவு கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொல்லும் கதையும் வருகின்றன. 1659 ஜூனில் அன்கஸும் அவர் பிள்ளைகள் இருவரும் ஒன்பது மைல் நீளம், ஒன்பது மைல் அகலம் கொண்ட நிலத்தை 70 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த சேப்ரூக் என்ற ஊரிலிருந்து பாதிரியார் ஜேம்ஸ் ஃபிட்ச், ஜான் மேசன் ஆகியோர் தலைமையில் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. இதெல்லாம் எந்த நூலிலும் கிடைக்கும் தகவல்.

கிடைக்காதது அடுத்த பகுதி. குடியேறியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த மனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். யார் மனை எங்கே, பக்கத்து மனை யாருடையது, அவர் எந்த வருஷம் எந்த ஊரிலிருந்து வந்தார், யாரைக் கட்டிக்கொண்டார், பிள்ளைகள் எத்தனை, மனை யார் கைக்குப் போனது என்று தெருவோடு நடந்துபோவதுபோல் சொல்லிக்கொண்டே போகிறார். முதலில் வந்தவர்கள் 35 பேர் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிவிட்டுப் போகாமல், பதிவேட்டில் யார் பெயர் எப்போது வருகிறது, யார் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டார்கள் என்று துருவுகிறார். அந்த வரிசையில் ஹியூ கால்கின்ஸ் என்று ஒருவர் வருகிறார். அவர் ஆசிரியரின் சொந்த மூதாதை. அவருக்கென்று தனியாகப் பெருமை எதுவும் தூக்கி வைக்கவில்லை. மற்ற மனைக்காரர்களைப் போலவே அவரும் தன் முறை வரும்போது வந்துவிட்டுப் போகிறார்.

வகுப்பில் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கேள்வி, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். கால்கின்ஸ் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு எழுதுகிறார். ஊர்ப் பதிவேட்டில் இருப்பது, பழைய கடிதத்தில் இருப்பது, வயதானவர்கள் சொல்லக் கேட்டது, இவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார். கேட்ட கதை அழகாக இருந்தால் அதை ஒதுக்குவதில்லை. கதை என்று சொல்லிவிட்டுத் தருகிறார். பல்கலைக்கழகத்தில் யாரும் அவருக்கு ஆராய்ச்சி முறை கற்றுக்கொடுக்கவில்லை. பதினைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததில் வந்த பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த இடத்தில் கை தூக்கும் என்று தெரிந்தவர் எழுதிய எழுத்து.

புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நார்விச் டவுன் பசும்புல் மைதானத்துக்குப் போனேன். மைதானத்தை ஒட்டிப் பழைய கல்லறைத் தோட்டம். மரங்களுக்கு அடியில் கறுத்த பலகைக் கற்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. கல்லின் தலைப்பில் இறக்கை முளைத்த ஒரு முகம் செதுக்கியிருக்கும். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது, பள்ளத்தில் நிழல் தங்கி, பெயரும் வருஷமும் ஒவ்வொன்றாக மேலே எழுந்து வரும். அமெரிக்கச் சுதந்திரப் போரில் கட்சி மாறிய தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் தாயார் ஹன்னாவின் கல் அங்கே இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும், காங்கிரசுக்குத் தலைமை வகித்தவருமான சாமுவேல் ஹன்டிங்டனின் கல்லறையும் அங்கேதான். இப்படிக் கல் கல்லாக உட்கார்ந்து எழுத்தைப் படியெடுக்கிற வேலையைக் கால்கின்ஸ் நிறையச் செய்திருக்கிறார். நியூ லண்டனிலும் கிராட்டனிலும் அவர் படியெடுத்து வைத்தவை அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து 1899-லும் 1903-லும் அச்சேறின. மழையும் பனியும் தின்ற கற்களில் இன்று படிக்க முடியாத எழுத்துக்குப் பல இடங்களில் அவருடைய நோட்டுப் புத்தகங்கள்தான் சாட்சி.

அவர் எடுத்துக்கொடுக்கும் கல்வெட்டுகளில் ஒன்று என்னை அசைத்துவிட்டது. பாஸ்டன் ட்ரோட்ரோ என்ற பெயர். இந்த ஊரின் ஆப்பிரிக்க மக்களுக்கு ஆளுநர் என்று அவரைக் குறிப்பிட்டு, 1772-ல் 66-ஆம் வயதில் இறந்தார் என்று கல் வெட்டியிருக்கிறார்கள். அடிமைமுறை இருந்த காலத்தில் நியூ இங்கிலாந்துக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து விழா எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஊர்ப் பெரியவர்களின் குடும்ப மரங்களை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் அவரை யாரும் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. இந்தக் கல்லுக்கும் அவர் இடம் கொடுத்தார்.

தொழில் பற்றிய பக்கங்களும் நன்றாக இருக்கின்றன. கிறிஸ்டோபர் லெஃபிங்வெல் 1766-ல் யான்டிக் ஆற்றில் காகித ஆலை தொடங்கினார். கனெக்டிகட்டின் முதல் காகித ஆலை அது. அதன் பிறகு சாக்லேட் அரைக்கும் ஆலை, காலுறை நெய்யும் தறி என்று அந்த மனிதர் ஓயவே இல்லை. இங்கிலாந்துச் சரக்கை வாங்கக் கூடாது என்ற எதிர்ப்பு எழுந்த காலத்தில் அந்தச் சரக்கை ஊரிலேயே செய்யப் பார்த்தவர்களின் கதை இது. நம் சுதேசி இயக்கத்தைப் பாடமாக நடத்திய எனக்கு அந்தப் பக்கங்களைச் சீக்கிரம் தாண்ட முடியவில்லை. லெஃபிங்வெல் குடும்பம் 1701-ல் பயணிகளுக்கு விடுதி நடத்த உரிமம் வாங்கிய வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. சாலை போட வந்தபோது இடிபடாமல் அதை நகர்த்தி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்குள் போனால், ஒவ்வொரு அறையிலும் யார் இருந்தார்கள் என்று நாமே யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

குறைகள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தேவாலயச் சண்டைகளும் பாதிரிமார் வந்ததும் போனதும் ஏராளமான பக்கங்களைத் தின்கின்றன. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தேவைப்படலாம். நான் வேகமாகப் புரட்டினேன். அதைவிடப் பெரிய குறை மொகீகன் மக்களைப் பற்றிய தொனி. அன்கஸையும் அவர் காலத்தையும் விரிவாக எழுதுகிறவர், தன் காலத்து மொகீகன்களைப் பற்றிப் பேசும்போது முடிந்துபோகப் போகிற இனம் என்ற எண்ணத்தோடேயே பேசுகிறார். 19-ஆம் நூற்றாண்டின் வெள்ளைக்கார எழுத்தாளர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்த எண்ணம்தான் அது. இருந்தாலும், பக்கத்து மனைக்காரனின் பேரப்பிள்ளை வரைக்கும் விசாரித்தவர் சில மைல் தெற்கே உயிரோடு இருந்த மக்களிடம் அதே அளவு விசாரித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம்.

அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. சாரா ஹன்டிங்டனின் முயற்சியோடு 1831-ல் கட்டிய மொகீகன் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1994-ல் அமெரிக்க அரசு அவர்களை முறைப்படி அங்கீகரித்தது. நான் முதலில் சொன்ன சூதாட்ட விடுதி அவர்களுடையதுதான். நார்விச் நகருக்குள் அவர்களுடைய அரச குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் அன்கஸ் என்று பெயர் பொறித்த கருங்கல் தூண் ஒன்று இருக்கிறது. 1833-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வந்தபோது அடிக்கல் நாட்டி, பல ஆண்டு கழித்துத்தான் முடித்தார்கள். தெற்கத்திப் பழங்குடிகளை அவர்கள் மண்ணிலிருந்து துரத்தும் சட்டத்தில் 1830-ல் கையெழுத்துப் போட்ட அதே ஜாக்சன். இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் மொகீகன் மக்கள் தாங்களே நடத்தும் டான்டாக்விட்ஜன் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும். 1931-லிருந்து இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் புத்தகத்தில் விடுபட்ட பாதி கிடைக்கும்.

சரி, பிரதிக்கு வருவோம்.

காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று, பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிட்டது. இன்னொன்று, கணினியை வைத்து எழுத்துகளைப் படிக்கவைத்து, புதிதாக எழுத்துக் கோத்தது. இரண்டாவது வகையைத் தொடாதீர்கள். அப்படி ஒரு பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வருஷங்களில் 1-ம் 7-ம் இடம் மாறிக் கிடக்கின்றன, அடிக்குறிப்பு பத்தியின் நடுவில் வந்து விழுகிறது, ஒரே ஆளின் பெயர் பக்கத்துக்கு ஒரு விதமாக இருக்கிறது. பெயரும் வருஷமும்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். அவை தப்பாக இருந்தால் மீதி எழுத்தால் பிரயோசனம் இல்லை. அந்த அம்மாள் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்ததை இப்படிக் கெடுத்து அட்டை போட்டு விற்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பதிவேட்டில் ஒரு பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக அலைந்தவருக்குச் செய்யும் மரியாதை இதுவா?

நான் வைத்திருக்கும் படமெடுத்த பிரதியில் அச்சு பெரும்பாலும் தெளிவு. சில பக்கங்களில் மை வெளுத்திருக்கிறது. ஓரிரு இடத்தில் பக்கம் சாய்வாக விழுந்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. கட்டுமானம் உறுதி, ஆனால் இறுக்கம் அதிகம். உள்பக்க ஓரத்து எழுத்தைப் படிக்கப் புத்தகத்தை அழுத்திப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அடிக்குறிப்புகள் பொடி எழுத்தில் இருக்கின்றன. என் வயதுக்குக் கண்ணாடி போட்டும் போதவில்லை, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டேன். அடிக்குறிப்பு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ருசியான விஷயம் பாதி அங்கேதான் இருக்கிறது. காகிதம் மங்கலான வெள்ளை, கண்ணை உறுத்தாது. பென்சிலால் குறிப்பு எழுத ஏற்றது.

வாங்கும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் விசாரியுங்கள். 1845 பதிப்பு சின்னது, விலையும் குறைவாக இருக்கும், அதனால் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது கெட்ட புத்தகம் இல்லை. முதல் முயற்சி எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆகும். ஒரே ஒரு பிரதிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 1866 அல்லது 1874. இரண்டில் 1874 கிடைத்தால் இன்னும் நல்லது, ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு அதில் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் ஆண்டு போடாமல் தலைப்பை மட்டும் போட்டிருந்தால், உள்பக்கப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவில் மூன்று பதிப்புமே இலவசமாக இருக்கின்றன. ஒரு பெயரைத் தேட அது வசதி. உட்கார்ந்து படிக்க எனக்குக் காகிதம்தான் வேண்டும்.

நியூ லண்டன் வரலாற்றையும் இதே வகை மறுபதிப்பில் வாங்கி, இப்போது பாதிக்கு மேல் வந்திருக்கிறேன். எழுத்தாக மட்டும் பார்த்தால் அது இதைவிட வேகமாகப் போகிறது. ஜோஷுவா ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊர்க்காரர் 1711 முதல் 1758 வரை எழுதிய நாட்குறிப்பு அச்சாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கால்கின்ஸ் அதைக் கையெழுத்துப் பிரதியில் படித்துப் பயன்படுத்தியிருக்கிறார். விவசாயம், தச்சு, கல்லறைக்கல் செதுக்குவது, வழக்கு எழுதுவது எல்லாம் ஒரே ஆளாகச் செய்தவர் ஹெம்ப்ஸ்டெட். அந்த நாட்குறிப்பின் வழியாக ஊரின் அன்றாடம் நம் கண்முன் வருகிறது. அடுத்து 1781 செப்டம்பர் 6. நார்விச்சில் பிறந்து வளர்ந்த பெனடிக்ட் ஆர்னால்ட் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, அவர்கள் படையோடு வந்து நியூ லண்டனைக் கொளுத்திய நாள். 140-க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தன. ஆற்றின் மறுகரையில் கிராட்டன் கோட்டை விழுந்தபோது சரணடைந்த கர்னல் லெட்யார்டையும் வீரர்கள் பலரையும் கொன்றார்கள். அந்தத் தீ நடந்து 14 வருஷம் கழித்துப் பிறந்தவர் கால்கின்ஸ். அதைப் பார்த்தவர்கள் நடமாடிய தெருவில் வளர்ந்தவர். அந்த அத்தியாயத்தில் ஆர்னால்டைத் திட்டித் தீர்ப்பதில் அவர் நேரம் செலவிடவில்லை. எந்த வீடு எரிந்தது, எது தப்பியது, யார் எந்த வழியாக ஓடினார்கள் என்று தெருத் தெருவாகச் சொல்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனத்துவிடுகிறது.

யாருக்கு இந்தப் புத்தகம் ஆகும்? கனெக்டிகட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு முதலில் சொல்வேன். பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் நடக்கும் தெருவுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கலாம். ஊர்ப்பக்கம் தங்கள் கிராமத்து வரலாற்றை எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும், அமெரிக்க மிஷன் வரலாறு, உடுவில், வின்ஸ்லோ என்று தேடிப் படிக்கிறவர்களுக்கும் சொல்வேன். கோர்வையான கதையாக ஒரே மூச்சில் படிக்க எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது. முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. மனைகளைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுங்கள், பக்கத்தில் இன்றைய நார்விச் டவுன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது பிடித்துப்போனால் மட்டும் முன்னால் அன்கஸுக்குத் திரும்புங்கள். தேவாலய அத்தியாயங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.